பிந்தி வந்த புறா

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஓய்வு நேரமெல்லாம் அவருக்கு வீட்டின் மொட்டை மாடியில்தான் கழியும். அங்கே ‘ஹோமர்’ எனப்படும் பந்தயப் புறாக்களை அவர் வளர்த்து வருகிறார். ஒரு மாலை, துணியால் மூடிய கூடையொன்றுடன் அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கூடைக்குள் சாம்பல் நிறப் புறா ஒன்று, சிறகு கிழிந்து, நெஞ்செலும்பு துருத்தி, கண்மூடிக் கிடந்தது. விழுப்புரத்தில் பறக்கவிட்ட பறவை, பதினொரு நாள் கழித்து அன்று காலைதான் வீடு வந்து சேர்ந்ததாம்.

“சாமி, தோத்த புறாவுக்குத் தீனி போட்டு வளக்கக் கூடாது, கழுத்தத் திருகிப் போட்டுருன்னு மூத்தவங்க சொல்லுதாங்க. ஆனா இது வந்துருச்சே சாமி. நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

அன்று நாம் அவருக்குத் தெளிவான விடை தரவில்லை. அந்த வினாவோ நம்மை விட்டு அகலவில்லை.

இப்பந்தயத்தின் முறையை அறியாதார் அறிதல் நன்று. குஞ்சு பிறந்த ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதன் காலில் எண் பொறித்த வளையம் அணிவிக்கப்படுகிறது. பின்னர் வீட்டுக்கு அருகிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தொலைவைக் கூட்டிப் பழக்குவர். பந்தய நாளில் பறவைகள் யாவும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் திறந்துவிடப்படும். ஒவ்வொன்றும் தன் தன் கூட்டுக்கே திரும்புவதால், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள தூரம் தனித்தனியே அளக்கப்பட்டு, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்னும் சராசரி வேகத்தால் வெற்றி தீர்மானிக்கப்படும். விழுப்புரத்திலிருந்து நம் நகருக்கு வான்வழியே ஏறக்குறைய 380 கிலோமீட்டர். காலையில் புறப்படும் நல்ல பறவை நண்பகலையொட்டி வந்துவிடும்.

அறிமுகமற்ற இடத்திலிருந்து அது எங்ஙனம் வழி காண்கிறது? சூரியனின் நிலையைத் திசைகாட்டியாகக் கொள்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. சூரியன் மறைந்த மேகமூட்ட நாள்களில், காந்தம் கட்டிய புறாக்கள் திசை தடுமாறியதை அமெரிக்க அறிஞர் வில்லியம் கீட்டன் 1971-இல் வெளியிட்டார். அதே பத்தாண்டில் இத்தாலியின் பீசா நகரில் புளோரியானோ பாப்பி, காற்றில் வரும் மணங்களும் வழிகாட்டுகின்றன என்று காட்டினார்.

‘எப்படி’ என்பது அறிவியலின் வினா. ‘எதற்காக’ என்பதே நம் வினா. பந்தயம் என்றொன்று நடப்பதே புறாவுக்குத் தெரியாது. அது வீட்டுக்குப் போகிறது, அவ்வளவே. அங்கே அதன் சோடியும், முட்டையும், குஞ்சும் இருக்கின்றன. ஆணும் பெண்ணும் முறை மாற்றி அடைகாத்து, இரண்டும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டிக் குஞ்சை வளர்க்கும் இனம் அது. பாலை நிலத்தில் வெம்மையால் வாடிய பெடைக்குத் தன் சிறகால் இதம் தரும் ஆண் புறாவைக் கலித்தொகை காட்டுகிறது. இந்தப் பற்றை அறிந்தே, பந்தயத்துக்கு முன் சோடியைப் பிரித்து வைத்து வேகத்தைக் கூட்டும் முறையொன்றும் வழக்கில் உள்ளது. அதாவது, பறவையின் அன்பே நம் ஆட்டத்தின் எரிபொருள்.

இதனை ‘விசுவாசம்’ என்று அழைக்கலாமா? குருமடத்தில் நாம் பயின்ற புனித தோமா அக்குவினார், விலங்குகள் இயல்பூக்கத்தால் இயங்குகின்றன, தேர்ந்து தெளிந்து அல்ல என்பார். அதனை ஏற்போம். பறவையின் திரும்புதல் அறச்செயல் அன்று எனில், இந்த ஆட்டத்தில் அறம் எங்கே இருக்கிறது? தேர்வு செய்ய வல்லவர் ஒருவரே: கூடையைத் திறந்துவிடுபவர். ஆகவே பொறுப்பு முழுவதும் அவருடையதே. விலங்குக்குக் கொடுமை செய்து பழகியவன் மனிதனுக்கும் செய்வான் என்று அதே அக்குவினார் எச்சரித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், ஒவ்வோர் உயிருக்கும் நம் பயனைக் கடந்த தனி மதிப்பு உண்டு என்று மேலும் ஓரடி சென்றார்.

புறா வளர்ப்போரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. கம்பும் பட்டாணியும் பார்த்துப் பார்த்து ஊட்டி, நோயுற்றால் இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். மானிடர்க்கு அப்பறவை ஆற்றிய தொண்டும் சிறிதன்று. ஒடிசா காவல்துறையின் புறா அஞ்சல் 1946-இல் தொடங்கியது. 1948 ஏப்ரலில் சம்பல்பூரிலிருந்து பிரதமர் நேரு அனுப்பிய செய்தியைப் புறாவே கட்டாக்குக்குச் சுமந்து சென்றது. 1982-இன் வெள்ளத்திலும் 1999-இன் பெரும்புயலிலும் அப்புறாக்கள் கைகொடுத்தன. தேவைக்காக அனுப்புவது ஒன்று; பெருமைக்காக அனுப்புவது வேறொன்று. 1997 ஜூன் மாதத்தில், பிரித்தானியப் புறாப் பந்தயச் சங்கத்தின் நூற்றாண்டு விழாவுக்காகப் பிரான்சின் நான்ட் நகரில் 60,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் திறந்துவிடப்பட்டன. அவற்றுள் பல்லாயிரம் வீடு திரும்பவே இல்லை. ஒரு புறாவுக்கு ஈடாகத் தன் தசையையே அரிந்து தராசில் இட்ட சிபியின் வழித்தோன்றலாகச் சோழனைப் புகழ்ந்த மண் நம்முடையது. அத்தராசில் இன்று நாம் எதை இடுகிறோம்?

நோவாவின் வரலாற்றில் நாம் பெரும்பாலும் ஒலிவ இலையோடு வந்த புறாவையே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே அது ஒருமுறை வெறுமையாக வந்தது. கால் ஊன்ற இடமின்றி, நற்செய்தி ஏதுமின்றித் திரும்பிய அப்பறவையை, நோவா கை நீட்டிப் பிடித்துப் பேழைக்குள் சேர்த்துக்கொண்டார். இலை பிறகுதான் வந்தது. கை முதலில் நீண்டது.

நம் கடற்கரையும் இதனை அறிந்திருந்தது. இங்கே முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மூழ்குபவரின் கயிற்றைப் பிடித்திருக்கும் பணி மைத்துனருக்கே தரப்பட்டது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க அவர் மனம் பொறுக்க மாட்டாரன்றோ! சிப்பி கிடைத்ததா இல்லையா என்று பார்த்தபின் கயிற்றை இழுப்பார் யாருமில்லை. கயிறு அசைந்தால் ஆளைத் தூக்க வேண்டும். கூடை நிறைந்ததா என்பது பிறகு.

இவ்வளவும் எழுதும்போது நம் குற்றமே நம்மை உறுத்துகிறது. அதே பங்கில், வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குச் சென்று உயர்ந்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பீடத்தின் முன் நின்று அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தினோம். அதே மாதம் வளைகுடா நாட்டிலிருந்து வேலை இழந்து, கடனோடு திரும்பிய மற்றொருவரின் வீட்டுப் பக்கம் நாம் போகவில்லை. போய் என்ன பேசுவது என்று தயங்கினோம். அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தோற்ற புறாவுக்குத் தீனி எதற்கு என்று கேட்டவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மறுவாரம் அந்த இளைஞரை அழைத்துச் சொன்னோம்: “தம்பி, அது பந்தயத்துக்குப் பிந்தி வந்தது, வீட்டுக்குப் பிந்தவில்லை. நீ கடிகாரத்தை வளர்க்கிறாயா, புறாவை வளர்க்கிறாயா என்று நீயே முடிவு செய்.” அவர் சிரித்தார். நம்மைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தார் போலும்! சிறகு கூடிய பிறகும் அப்புறா நெடுந்தூரம் பறக்கவில்லை. மாடியில் குஞ்சு பொரித்திருக்கிறது.

அன்று மாலையே நாம் மற்ற வீட்டுக்குச் சென்றோம். அவர் ஊர் திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாசலில் நின்று அழைக்க நமக்கு நா எழவில்லை. உள்ளிருந்து அவரே வந்து, “வாங்க சாமி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை.