அழியாத மதிப்பெண்

அமெரிக்காவில் மருத்துவம் பயில விரும்புவோர் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே பொதுவாக மருத்துவக் கல்லூரியில் சேர்கின்றனர். பட்டம் எந்தத் துறையில் அமைந்தாலும், உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியுடன் முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. முன்தேவைப் பாடங்கள் எனப்படும் இவற்றுள் ஒன்றில், குறிப்பாகக் கரிம வேதியியலில், 'சி' மதிப்பெண் பெற்ற மாணவர் அதை மீண்டும் படிக்க வேண்டுமா, அப்படியே விட்டு மேலே செல்லலாமா என்ற கேள்வி, ஒரு பருவத்தின் உழைப்பையும் கட்டணத்தையும் மட்டுமன்றி, தன்னைப் பற்றி அவர் கொண்டுள்ள மதிப்பையும் அசைத்துப் பார்ப்பதாகும்.

இப்பாடங்கள் முதலில் மாணவர்களைக் கழித்துக் கட்டும் சல்லடையாக வகுக்கப்பட்டவை அல்ல. 1893-இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி பட்டதாரிகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது; அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் அறிக்கை வெளியிட்ட ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், வேதியியலும் இயற்பியலும் உயிரியலும் அறியாதவருக்கு மருத்துவம் கற்பிக்க இயலாது என்ற நிலையில் நின்றே நுழைவுத் தகுதியை உயர்த்தக் கோரினார். அடித்தளமாக எண்ணப்பட்டவை, போட்டி பெருகப் பெருக, ஆளை எடைபோடும் தராசாக மாறிவிட்டன. இன்று மாணவர் மனத்தில் எழும் குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது: அடித்தளத்தைச் சரிசெய்ய மீண்டும் படிப்பது வேறு, தராசு காட்டிய எடையை மாற்றப் படிப்பது வேறு.

இரண்டாவது நோக்கம் எவ்வளவு நிறைவேறும் என்பதைக் கணக்கிட்டே காணலாம். எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் பொது அமைப்பான ஆம்காஸ், ஒரே பாடத்தை இருமுறை படித்தவரின் இரு மதிப்பெண்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது. மாணவரின் பல்கலைக்கழகம் தன் பதிவேட்டில் பழையதை விலக்கியிருந்தாலும் இது மாறுவதில்லை. எம்.டி.க்கு இணையான டி.ஓ. பட்டம் வழங்கும் ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரிகளின் அமைப்பு மட்டும் பழைய மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் புதியதை ஏற்று வந்தது; 2017-இல் அதுவும் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. 'ஏ' என்பதற்கு 4 புள்ளி, 'சி' என்பதற்கு 2 புள்ளி என்று கொண்டு, பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகாகிய கிரெடிட்டுகளில் 40 அளவுக்கு அறிவியல் படித்து 3.40 சராசரி பெற்ற ஒருவர், 4 கிரெடிட் கொண்ட கரிம வேதியியலை மீண்டும் படித்து 'ஏ' பெற்றால் அவருடைய சராசரி ஏறத்தாழ 3.45 ஆகும். அதே பருவத்தில் அவர் அதே அளவு கிரெடிட் கொண்ட உயிர்வேதியியல் என்னும் புதிய பாடத்தைப் படித்து 'ஏ' பெற்றாலும் அதே 3.45 தான் கிடைக்கும். எண்ணளவில் இரண்டும் சமமாயிருக்க, இரண்டாவது வழி முந்தைய பாடத்தின் மேல் எழுப்பப்பட்ட அடுத்த மாடியையும் சேர்த்துக் காட்டுகிறது என்பதைச் சேர்க்கைக் குழுவினர் அறியாதவர் அல்லர்.

ஆகவே மதிப்பெண்ணை அழிப்பதற்காக மீண்டும் படிப்பது, அழியாத ஒன்றை அழிக்கும் முயற்சி. எஞ்சுவது அறிவு பற்றிய கேள்வி. அதைத்தான் மாணவர் பெரும்பாலும் தவிர்க்கிறார். கரிம வேதியியல் என்பது நூற்றுக்கணக்கான வினைகளை மனப்பாடம் செய்யும் பாடமன்று; கார்பன் சேர்மங்களில் எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கு நகர்கின்றன என்பதை வளைந்த அம்புக்குறிகளால் வரைந்து, எந்தப் பிணைப்பு முறியும், எது உருவாகும் என்பதை முன்கூட்டிச் சொல்லப் பழகும் பாடம். ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசிட்டைல் தொகுதியைச் சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதியின் மீது நிலையாக ஏற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தம் உறைய உதவும், உட்கரு இல்லாத இரத்தத் தட்டணு புதிய நொதியை ஆக்கிக்கொள்ள இயலாததால், அந்தத் தட்டணுவின் வாழ்நாளாகிய ஏழு முதல் பத்து நாள் வரை விளைவு நீடிக்கிறது. உடலில் சிறிது நேரமே தங்கும் இம்மருந்தை இதய நோயாளிக்கு நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்பதன் காரணம் இந்த ஒரு வினையில் அடங்கியிருக்கிறது. அந்த அசிட்டைல் தொகுதி ஏன் இடம்பெயர்கிறது என்பதைத் தானே வரைந்து விளக்கக்கூடிய மாணவருக்கு, சான்றிதழில் 'சி' இருந்தாலும் பாடம் கைவந்திருக்கிறது. வரைய இயலாதவர் 'பி' பெற்றிருந்தாலும் உயிர்வேதியியலில் தடுமாறக்கூடும்.

'சி' என்பதற்கும் கீழான மதிப்பெண் பெற்றவருக்குத் தேர்வு செய்யும் உரிமையே பெரும்பாலும் இல்லை. பல கல்லூரிகள் அதை ஏற்பதில்லை என்பதால் அவர் மீண்டும் படித்தே ஆக வேண்டும். மற்றவர்கள் ஆராய வேண்டியது முதல்முறை நேர்ந்த குறைவின் காரணத்தை. இரவுநேர வேலையோ, வீட்டில் நோயோ, படிக்கும் முறையோ காரணமாக இருந்து, அது இன்னும் நீங்காதிருக்கையில் மீண்டும் சேர்ந்தால் இரண்டாவது 'சி' கிடைக்க வாய்ப்புண்டு. முதல் 'சி' ஒரு சறுக்கலாகக் கொள்ளப்படலாம், இரண்டாவது அவ்வாறு கொள்ளப்படாது. வெட்கத்தின் உந்துதலால் எடுக்கப்படும் முடிவு இக்காரணத்தை ஆராயவே விடுவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

1987 முதல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி, கரிம வேதியியல் படிக்காத கலைப்புல மாணவர்களையும் ஒரு தனித் திட்டத்தின் கீழ்ச் சேர்த்து மருத்துவர்களாக்கி வந்துள்ளது. ஒரு பாடத்தில் பெற்ற ஓர் எழுத்து ஒருவருடைய மருத்துவத் தகுதி முழுவதையும் தீர்மானிக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எனினும் தகுதி குறித்த ஆறுதல் வேறு, அறிவில் உள்ள ஓட்டை வேறு. மறுபதிவுப் படிவத்தை நிரப்பும் முன்பு, 'சி' பெற்ற மாணவர் ஒவ்வொருவரும் தம் பழைய இறுதித் தேர்வு வினாத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து, உதவியின்றி ஒருமுறை முழுமையாக எழுதிப் பார்க்குமாறு வேண்டப்படுகிறார்கள்.