தோல் வேலைக்காரன் மகன்

ஆங்கில நாடகத்தின் இரு பெரும் பெயர்கள் மார்லோ, ஷேக்ஸ்பியர். இருவரும் பிறந்தது 1564இல். மார்லோவின் அப்பா செருப்புத் தைப்பவர். ஷேக்ஸ்பியரின் அப்பா தோல் கையுறை செய்பவர். மார்லோ உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். ஷேக்ஸ்பியர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனதில்லை. 1592இல், பட்டதாரியான ராபர்ட் கிரீன் பெயரில் வந்த சிறுநூல் அவரைக் காக்கை என்று ஏசியது. மேடையில ஆடுறவனுக்கு எழுத்துல என்ன வேலை என்பதுதான் அதன் பொருள்.

பென் ஜான்சன் கொத்து வேலை செய்தவர். அதைச் சொல்லியே அவரைக் கேலி பேசினார்கள். அவரும் 1623இல் ஷேக்ஸ்பியரைப் புகழ்ந்த கவிதையிலேயே, அவருக்கு லத்தீன் கொஞ்சம்தான் தெரியும் என்று குறித்து வைத்தார். ஏறி வந்தவர் கையிலும் அதே அளவுகோல்!

ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே தோல் தீட்டு இல்லை. ஷேக்ஸ்பியரின் அப்பா 1568இல் தன் நகரத்துக்கே தலைவரானார். அப்படியிருந்தும், 1920இல் லூனி என்பவர், இந்த நாடகங்களை எழுதியவர் ஒரு பிரபுதான் என்று புத்தகமே போட்டார். எழுத்தை ஏத்துக்கிட்டாங்க, எழுதின கையை ஏத்துக்க மனசு வரல.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. எம்.ஏ. தமிழ் படித்த நானும், நம் ஆட்கள் எழுதி அனுப்பும் தாளில் முதலில் ஒற்றுப்பிழையைத்தான் பார்க்கிறேன். அவங்க கோபத்தை அப்புறம்தான் படிக்கிறேன். இது சரியா, தோழர்களே?