பூக்காத செடிக்கு இன்னும் ஓர் ஆண்டு



தவக்காலம் வந்துவிட்டால் நம் பெங்களூரில் காகிதப்பூவின் காலமும் வந்துவிடுகிறது. மழை நின்று மாதங்களாகி, புல் காய்ந்து கிடக்கும் இந்த மார்ச் மாதத்தில்தான் மதில்கள்மேலும் மேம்பாலத்து ஓரங்களிலும் அது கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடக்கிறது. 1767-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் போன தாவரவியலாளர் ஒருவர் பிரேசில் நாட்டில் கண்ட செடி இது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புக்காகக் கண்டோன்மென்ட் வந்த நம் பாட்டன் பூட்டனைப் போலவே, வெளியூரிலிருந்து வந்து இந்தச் செம்மண்ணில் வேர்விட்டிருக்கிறது.

ஆனால், நம் வீட்டு மாடியில் பெயிண்ட் வாளியில் வைத்த செடி மட்டும் ஏன் பூப்பதில்லை? வீடு சந்திப்புக்குப் போகும்போது தாய்மார்கள் இதைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். “தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் சாமி, எருவும் போடுகிறேன். இலைதான் வருகிறது. பிடுங்கிப் போட்டுவிடலாமா?”

பிடுங்க வேண்டாம் அம்மா. காகிதப்பூவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். வாளியின் அடியில் துளை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். புதுத் துளிரில்தான் அது பூக்கும். முள் இருக்கும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் அத்திமர உவமையில் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார். மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார்; சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். அந்த அத்திக்கு எரு வேண்டியிருந்தது. உங்கள் காகிதப்பூவுக்கு வெயில் வேண்டியிருக்கிறது. எந்தச் செடிக்கு எது குறை என்பது, குனிந்து அதன் அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அன்பானவர்களே, நம் வீட்டில் ஒருவரைக் கைகழுவிவிட்டோமா? குடியை விடாத அண்ணன், கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகள், வேலையில் நிலைக்காத தம்பி... எத்தனை ஆண்டுகள் பொறுப்பது என்று கேட்கிறோம். அவர்கள் நிற்கும் இடத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்தோமா? புத்திமதியைத் தினமும் குடம் குடமாக ஊற்றியே வேரை அழுகச் செய்தோமா? இதைக் கேட்கும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால் மேய்ப்பர்களாகிய நாங்களும் இதைச் செய்கிறோம்.

தன்னையே அந்தப் பூக்காத செடியாக நினைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். காகிதப்பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நாம் வியக்கும் அந்தச் சிவப்பெல்லாம் நிறம் மாறிய இலைகள்தான். அவற்றின் நடுவே குழல்போன்ற மூன்று சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் இருக்கும். தெருவில் போகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. நோயாளிக்கு நீங்கள் கொடுத்த கஞ்சியும், கோபத்தை விழுங்கிய ஓர் இரவும் ஆண்டவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர் உங்களை வெட்டச் சொல்லவில்லை. இன்னும் ஓர் ஆண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். பல ஆண்டுகள் ஆகிவிட்டதே, எப்படித் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். தொடங்க நான் உதவுகிறேன். வீட்டில் நீங்கள் பேசாமல் விட்டவரிடம் இன்று மதியம் சாப்பிட உட்காரும்போது பேசுங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.