மறந்தவர்க்கும் முத்தி உண்டோ?

திருவாரூரில் பிறத்தல், தில்லையில் தரிசித்தல், காசியில் இறத்தல், திருவண்ணாமலையை நினைத்தல் ஆகிய நான்கும் முத்தி தரும் என்பது தமிழ்ச் சைவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். இந்நான்கனுள் பிறப்பிடம் எவருடைய விருப்பத்துக்கும் உட்பட்டதன்று. தரிசனத்துக்குப் பயணமும், காசியில் இறப்பதற்குக் குடிபெயர்வும் வேண்டும். நினைத்தல் ஒன்றே செலவும் தொலைவும் பாராமல் எல்லார்க்கும் எட்டுவதாகத் தோன்றுகிறது. ஆயினும் முதுமையை மனத்திற்கொண்டு பார்த்தால், எளிதெனப்பட்ட அந்த வழியே கடினமானதாக மாறிவிடக்கூடும். கால் தளர்ந்தவரை வண்டியில் ஏற்றிச் சன்னதிக்கு அழைத்துச் செல்லலாம். நினைவு தளர்ந்தவருக்காக வேறொருவர் நினைக்க இயலுமா? நினைத்தால் முத்தி என்று சொல்லும் ஊரில், மலையின் பெயரையே மறந்துவிட்ட முதியவருக்கு என்ன வழி என்னும் வினா தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று; முதியோர் சேர்ந்து வாழும் இல்லங்களின் அன்றாட நடைமுறையையும் அது தொடுகிறது.

முதுமையில் வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள்ளும் எண்ணம் இந்திய மரபில் பழமையானது. வடமொழித் தரும நூல்கள் மனித வாழ்வை மாணவப் பருவம், இல்லறம், வானப்பிரத்தம், துறவு என நான்கு நிலைகளாகப் பகுத்தன. தோல் சுருங்கி, தலை நரைத்து, மகனுக்கு மகன் பிறந்ததையும் கண்டபின் இல்லறத்தான் காட்டைச் சேர வேண்டும் என்றும், மனைவியை மக்களிடம் ஒப்படைத்தோ உடன் அழைத்துக்கொண்டோ செல்லலாம் என்றும் மனு நூல் விதிக்கிறது. இதுவே வானப்பிரத்தம் எனப்படும் மூன்றாம் நிலை. தொல்காப்பியத்தின் கற்பியலோ காட்டைச் சுட்டவில்லை. இன்பம் துய்த்து நிறைந்த பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடியிருந்து, அறத்தின்பால் விருப்பம் கொண்டு, சிறந்ததைப் பயில்வதே கழிந்த வாழ்வின் பயன் என்று அது கூறுகிறது. முன்னது உறவை விட்டு நீங்குவதையும், பின்னது உறவின் நடுவிலேயே நாட்டத்தை மாற்றிக்கொள்வதையும் முதுமையின் நெறியாக வைக்கின்றன.

இன்றைய திருவண்ணாமலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வாழ்வைக் கண்டுள்ளது. பணி ஓய்வு பெற்றோர் பலர், மக்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ தங்கிவிட்ட நிலையில், மலை தெரியும் இடத்தில் எஞ்சிய நாளைக் கழிக்க வேண்டும் என்று விரும்பி, செங்கம் சாலையை ஒட்டிய ரமண நகரிலும் கிரிவலப் பாதையின் ஓரங்களிலும் வாடகை வீடுகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறுகின்றனர். தனியே சமைத்து உண்ண இயலாதவர்கள் முதியோர் இல்லங்களையும் ‘சீனியர் லிவிங்’ எனப்படும் குடியிருப்புகளையும் நாடுகின்றனர். இது ஓர் ஊரின் தனிப்போக்கு மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய மக்களுள் 8.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தபோது, தமிழ்நாட்டில் அந்த அளவு 10.4 விழுக்காடாக இருந்தது. அதன்பின் அது மேலும் உயர்ந்துள்ளது. குளியலறைக் கைப்பிடி, லிஃப்ட், செவிலியர், காரமற்ற உணவு ஆகியவற்றை இத்தகைய குடியிருப்பு ஏற்பாடு செய்துவிடலாம். இரத்த உறவில்லாத முதியோர் ஒருவருக்கொருவர் என்னவாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஏற்பாடுகள் தாமாகத் தீர்மானிப்பதில்லை.

முதுமையின் நலம் எதில் இருக்கிறது என்பதற்குப் புறநானூற்றில் ஒரு தெளிவான விடை உண்டு. ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்களிடம் பிசிராந்தையார் மருந்தையோ உணவையோ சொல்லவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத வேந்தன் என்று அடுக்கிவந்து, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் அடக்கம் மிக்க சான்றோர் பலர் வாழ்வதைக் காரணமாக வைத்தார். அதே தொகையில், தண்டூன்றி இருமலுக்கிடையே சொற்களைச் சிதறவிடும் முதியவர் ஒருவர் தம் இளமையின் நீர்விளையாட்டை எண்ணி இரங்குவதைத் தொடித்தலை விழுத்தண்டினார் பாடியுள்ளார். அவ்விரங்கலில் பழைய தோழமை நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒருவரின் நலத்தைச் சூழ இருப்போரின் பண்பே தாங்குகிறது என்பதே முதற்பாடல் தரும் கருத்து. அதனை உடல்நலத்தோடு நிறுத்தாமல் ஆன்மிக நலத்துக்கும் நீட்டலாமா என்பது இங்கே ஆராயத்தக்கது.

நீட்டுவதற்குத் தடையாக நிற்பது இறுதி நினைவு பற்றிய கோட்பாடு. உடலை விடும் நேரத்தில் எதனை நினைக்கிறானோ அதனையே ஒருவன் அடைகிறான் என்று பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. தவத்தில் உயர்ந்த பரத மன்னன், தான் வளர்த்த மான்குட்டியை எண்ணியவாறு இறந்ததால் மானாகப் பிறந்தான் என்னும் பாகவதக் கதை அதற்கு விளக்கம்போல் அமைந்துள்ளது. ஆனால் டிமென்சியா எனப்படும் மறதிநோய் இந்தக் கோட்பாட்டைக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்குகிறது. மூளையின் உயிரணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் உண்டாகும் இந்நிலையில், பெரும்பாலும் அண்மை நிகழ்ச்சிகள் முதலில் நழுவுகின்றன. பின்னர்ப் பெயர்களும் முகங்களும் இடங்களும் குழம்புகின்றன. உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இதனோடு வாழ்கின்றனர். வாழ்நாள் முழுதும் திருநீறு பூசிப் பதிகம் ஓதிய ஒருவர் கடைசி மூன்று ஆண்டுகளில் எதையும் நினைவுகூர இயலாமற் போனால், அவருடைய பயிற்சி முழுவதையும் ஒரு நோய் செல்லாததாக்கிவிட்டது என்று சொல்ல நேரும். அவ்வாறு சொல்வது இறைவனின் அருளை நரம்பணுக்களின் நலத்துக்கு அடங்கியதாக ஆக்கிவிடும்.

இந்த இடரை வைணவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். எய்ப்பு வந்து நலியும் கடைசிக் காலத்தில் நினைக்க இயலாது போகலாம் என்பதால், அப்பொழுதுக்காக இப்பொழுதே சொல்லி வைத்துவிட்டதாகப் பெரியாழ்வார் அரங்கனிடம் விண்ணப்பித்தார். வராக சரம சுலோகம் எனப்படும் வடமொழிப் பகுதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உடல் நலமாகவும் மனம் தெளிவாகவும் உள்ளபோது தன்னை நினைத்த அடியவன், மரக்கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் இறுதி வேளையில், தானே அவனை நினைத்து உயர்கதிக்கு அழைத்துச் செல்வதாகத் திருமால் அங்கே உறுதியளிக்கிறார். நினைக்கும் பொறுப்பு உயிரிடமிருந்து இறைவனிடம் மாறிவிடுகிறது.

சைவ சித்தாந்தம் வேறொரு வழியில் இதற்கு அருகே வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம், கண் தானாகக் காண்பதில்லை, உயிர் காட்டவே காண்கிறது என்றும், அவ்வாறே உயிரும் இறைவன் காட்டவே அறிகிறது என்றும் பதினொன்றாம் நூற்பாவில் விளக்குகிறது. உயிர் அறிவுடையதாயினும் அறிவித்தால் அன்றி அறியாது என்னும் இக்கொள்கைப்படி, தெளிந்த மூளை உடையவரின் நினைவும் அவருடைய தனி ஆற்றலன்று. அதே நூற்பா மறவாத அன்பினாலேயே உயிர் இறைவனின் திருவடியை அடையும் என்றும் கூறுவதால், வினா இன்னும் கூர்மை அடைகிறது. பெயரை மறத்தலும் அன்பை மறத்தலும் ஒன்றா? தன் மகளின் பெயரைச் சொல்ல இயலாத தாய், அம்மகள் அருகில் அமர்ந்ததும் அமைதி அடைவதைப் பராமரிப்பவர்கள் அறிவர். செய்திகளைச் சேமிக்கும் திறன் போன பின்னும் உயிரின் சார்பு முழுதும் போய்விடுவதில்லை என்பதையே அது காட்டுகிறது.

திருவண்ணாமலையின் அண்மை வரலாற்றில் இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடைய நிகழ்வு, ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாளின் முதுமையாகும். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் பதினாறு வயதில் திருவண்ணாமலையை அடைந்த மகனை, 1898ஆம் ஆண்டின் இறுதியில் தாயார் தேடிவந்து வீட்டுக்கு அழைத்தும் அவர் திரும்பவில்லை. கணவரை முன்பே இழந்திருந்த அழகம்மாள், மூத்த மகனையும் பின்னர் இழந்து, குடும்பத்தின் பிடிப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்த நிலையில், 1916ஆம் ஆண்டில் மலையிலேயே வந்து தங்கினார். அதுவரை பிச்சையாலும் அன்பர் கொணர்ந்த உணவாலும் நடந்துவந்த அத்துறவுக் கூட்டத்தில் அவருடைய வருகைக்குப் பின்னரே முறையான அடுப்பு எரியத் தொடங்கியது. துறந்து சென்ற மகனிடம் தாய் வந்து சேர்ந்ததால் துறவு குலையவில்லை. அவர் தாய் என்னும் உரிமையைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே எல்லார்க்கும் சமைப்பவராக மாறினார். மனு நூலின் நீக்கமும் தொல்காப்பியத்தின் பயிற்சியும் அவர்கள் மலையில் வாழ்ந்த ஸ்கந்தாசிரமம் என்னும் சிறு இடத்தில் ஒருங்கே நிகழ்ந்தன எனலாம்.

அழகம்மாள் மறதிநோயால் வருந்தியவர் அல்லர். ஆயினும் அவருடைய இறுதி நாள் இங்கே எடுத்துக்கொண்ட வினாவுக்குப் பொருந்துகிறது. 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் காலை முதல் இரவு எட்டு மணி அளவில் உயிர் ஒடுங்கும் வரை, ரமணர் வலக்கையைத் தாயின் நெஞ்சிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தவாறு அருகில் இருந்தார். சூழ இருந்தோர் வேதமும் நாமமும் ஓதினர். எஞ்சிய வினைப்பதிவுகள், அதாவது வாசனைகள் எனப்படும் பழைய விருப்பு வெறுப்பின் சுவடுகள், அந்நேரத்தில் கிளர்ந்தெழுந்து அடங்கிப்போயின என்று அவர் பின்னர் விளக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் தமக்குத் தொண்டு செய்த பழனிசாமியின் இறுதியிலும் இவ்வாறே முயன்று, அடங்கிவிட்டதாக எண்ணிக் கையைச் சற்று முன்னரே எடுத்ததால் அம்முயற்சி நிறைவேறவில்லை என்றும் அவர் கூறியதாகப் பதிவுகள் உள்ளன. இவ்விளக்கத்தை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் அதில் பொதிந்துள்ள கருத்து தத்துவ நோக்கில் கவனிக்கத்தக்கது. இறக்கும் தாயிடம் எதையும் நினைவுகூரும்படி கேட்கப்படவில்லை. அவர் சார்பில் இன்னொருவர் விழித்திருந்தார், அவ்விழிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதே இரு நிகழ்வுகளின் வேறுபாடாகச் சொல்லப்பட்டது.

ரமணரின் போதனையும் இதற்கு இணங்கியே அமைந்துள்ளது. ‘நான் யார்’ என்னும் ஆராய்ச்சியில் அவர் உறக்கத்தை அடிக்கடி சான்றாகக் கொண்டார்: ஆழ்ந்த உறக்கத்தில் பெயரும் ஊரும் உறவும் நினைவில் இல்லை, ஆயினும் உறங்கியவன் இல்லாமற் போய்விடவில்லை. நினைவுகளின் தொகுப்பே ஒருவர் என்றால் ஒவ்வோர் இரவும் அவர் அழிந்து மீள வேண்டும். இவ்வாதம் மறதிநோயின் துயரைக் குறைத்துக் காட்டுவதற்கு உரியதன்று, ஏனெனில் உறக்கத்தில் இல்லாத அச்சமும் குழப்பமும் அந்நோயில் உண்டு. மறதியால் ஒருவர் ஒருவராக இல்லாமற் போய்விடுகிறார் என்னும் எண்ணத்தை மட்டுமே அது மறுக்கிறது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு ரமணரின் உயிர் பிரிந்த வேளையில், அறைக்கு வெளியே அன்பர்கள் அருணாசலனின் பெயரை அழைத்துப் போற்றும் அக்ஷரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தனர். ஞானி என்று போற்றப்பட்டவருக்கும் இறுதியில் நாமத்தை ஒலித்தவர்கள் பிறரே.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நினைத்தல் என்பது ஒருவரின் மண்டைக்குள் நிகழும் தனிச்செயல் என்று தொடக்கத்தில் கொண்ட கருத்தே ஐயத்துக்கு உரியதாகிறது. ஊரே சேர்ந்து பாடுவது, சேர்ந்து மலையைச் சுற்றுவது, கார்த்திகை மாலையில் மலையுச்சியில் எரியும் தீபத்தை நோக்கி ஒரே நேரத்தில் கைகூப்புவது ஆகியவற்றால் இவ்வூரின் நினைவு பலரால் தாங்கப்படுகிறது. அவர்களுள் ஒருவரின் நினைவு தளரும்போது, மற்றவர்கள் அவரைத் தங்கள் நினைவுக்குள் வைத்துக்கொள்வது புதிய ஏற்பாடன்று. முன்பிருந்தே நடந்துவருவதன் தொடர்ச்சியே.

இதிலிருந்து முதியோர் குடியிருப்புக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. புதிய செய்தியைப் பற்றிக்கொள்ள இயலாதவரும் இளமையில் பழகிய பாட்டை உடன்பாடுவதும், பெயர் சொல்ல இயலாதவரும் கண்ணெதிரே உள்ளதைக் கண்டு இணங்குவதும் பலரிடம் காணப்படுவதால், மாலைப் பாராயணத்திலிருந்தும் மலை தெரியும் சன்னலிலிருந்தும் அவர்களை ஒதுக்கி உள்ளறைக்கு மாற்றுவது தவறு. ஒருவர் நலமாக உள்ளபோதே அவர் விரும்பும் பதிகம், வழிபடும் தெய்வம், அழைக்கப்பட விரும்பும் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைப்பது, பெரியாழ்வார் அன்று செய்ததை நிறுவனமாகச் செய்வதாகும். சமய நம்பிக்கை இல்லாதவருக்கு அவர் நேசித்த பாடலோ தோட்டமோ அவ்விடத்தைப் பெறும். குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் விழித்திருக்கும் பணிப்பெண்களின் ஊதியமும் ஓய்வும் இவ்வாறே சமயப் பொருளாகின்றன. தலையிலும் நெஞ்சிலும் கைவைத்து இருப்பது உயர்ந்த செயல் என்றால், அதனை நாள்தோறும் செய்பவர்களைக் கடைநிலைக் கூலிகளாக நடத்துவது முரண்பாடாகும்.

இக்கருத்துக்கு ஒரு மறுப்பும் எழும். முத்தி பிறரின் விழிப்பைச் சார்ந்தது என்றால், உடன் எவருமின்றிக் கோயில் மதிலோரத்தில் இறக்கும் முதியவர் கைவிடப்பட்டவராகி விடுவாரே என்று கேட்கலாம். வராக சுலோகமும் மெய்கண்டாரும் அதற்கு விடை தந்துவிட்டனர்: மனிதர் நினைக்கத் தவறிய இடத்திலும் இறைவன் நினைக்கிறான், ஆதலால் அவருடைய முத்திக்கு ஊனமில்லை. அங்கே ஊனப்படுவது அவரைக் கடந்து சென்றவர்களின் வழிபாடே. நினைத்தால் முத்தி தரும் ஊரில் வாழ்வோர், தம் பக்கத்து அறையில் மறந்து கிடப்பவரை நினையாமல் மலையை மட்டும் நினைத்துக் கதி பெற இயலும் என்று எண்ணுவதற்கு அவ்வூரின் மரபு இடம் தரவில்லை.