இயல்பு என்று எதைச் சொல்வது?

தென்னிந்தியத் தொழிலாளி இயல்பாகவே அடங்கி நடப்பவன் என்பது, வெள்ளைத் துரைமார் ஆண்ட நாளில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றியிருந்த கருத்து. கெடா மாநிலத் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. அவ்வாறு சொன்னவர் எல்லாரும் பொய்யர் அல்லர். பலர் தாம் கண்டதையே சொன்னார்கள். இருள் பிரியுமுன் பெரட்டில் வரிசையாக நின்றவனை, அதட்டலுக்குத் தலை குனிந்தவனை அவர்கள் நாள்தோறும் கண்டார்கள். கண்டது மெய்தான். ஆனால் கண்டது இயல்புதானா?

இக்கேள்விக்கு ஒளி தருவது, வியப்பாகத் தோன்றினும், ஒரு புழு. கேனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் அந்த உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. 1951இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு வழியின் சந்ததியையே உலகத்து ஆய்வுக்கூடங்கள் பலவும் இன்றுவரை வளர்க்கின்றன. சிட்னி பிரென்னர் அதை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தார். 1998இல் அதன் மரபுத்தொகுதி, ஏறத்தாழப் பத்துக் கோடி எழுத்துகள் கொண்டது, படித்து வெளியிடப்பட்டது. பல உயிரணுக்களாலான விலங்குகளில் முதன்முதலாகப் படிக்கப்பட்ட ஏடு அதுவே.

அந்தப் புழு தனித்து உண்ணும். காட்டிலும் தோட்டத்திலும் பிடித்த அதன் உறவினங்கள் பலவோ கூட்டமாகச் சேர்ந்து உண்ணும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே மரபணுவில் ஓர் எழுத்தின் மாற்றம் என்று 1998இல் அறியப்பட்டது. இயற்கை ஒரே உயிருக்கு இருவகைக் குணம் வைத்திருக்கிறது என்றே அப்போது எண்ணினார்கள். 2009இல் வேறோர் உண்மை வெளிப்பட்டது. தனித்து உண்ணும் குணம் இயற்கையில் தோன்றியதே அன்று. உணவு குறையாத கண்ணாடித் தட்டில் பல தலைமுறை வாழ்ந்தபோது ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பிறந்த மாற்றம் அது. புழுவின் இயல்பு என்று பாடம் சொல்லப்பட்டது, தட்டின் இயல்பு! மேலும், 2021இல் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய காட்டுவகைகளை ஒப்பிட்டபோது, மரபுத்தொகுதியின் சில பகுதிகளில் அவை தம்முள் மிகப் பெரிதும் வேறுபட்டிருக்கக் கண்டார்கள். சுற்றுச்சூழலை உணர்தற்கும் நோய்க்கிருமியை எதிர்த்தற்கும் உரிய மரபணுக்கள் அப்பகுதிகளில் மிகுந்திருந்தன. ஆய்வுக்கூட வழி ஒன்றை மட்டும் படித்திருந்தால் அந்தச் செல்வம் இருப்பதே தெரிந்திராது.

கெடா மக்களுக்கு இதில் புதுமை இல்லை. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்களின் கையில் இருந்ததும் இத்தகைய ஓர் உயிரே. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சில ஆயிரம்; 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். மலாயாவின் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தச் சிறு குடும்பத்தின் வழிவந்தவை. ஒட்டுக்கட்டும் முறை பரவிய பின், ஒரே தாய்மரத்தின் மொட்டு ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகையை அறியாத பழைய தோட்டக்காரர் அரியர்.

பால் பெருகியது. ஆனால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கு வந்தால் இம்மரங்கள் என்னாகும்? பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியாத் தோட்டம் அந்நோய்க்கு ஆற்றாது அழிந்ததை உலகம் அறியும். அவ்வச்சத்தாலும்தான் 1981இல் பல நாட்டினர் கூடி அமேசான் காடுகளில் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டினார்கள். ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. முளைத்த காட்டுமரங்களிலோ பால் மிகக் குறைவு. கணக்குப் பார்ப்பவன் வெட்டிச் சாய்க்கச் சொல்வான். எனினும் பாலிங், சிக் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரனிடம் போய், எதிர்காலத்துக்காகக் காட்டுமரம் நடு என்று உபதேசிப்பது அறமாகாது. அவன் இன்றைய அரிசியை இன்றைய பாலில்தான் வாங்குகிறான். அச்சுமையை ஏற்க வேண்டியவர்கள் அரசும், ரப்பரால் செல்வம் சேர்த்தவர்களும்.

இனி மனிதனிடம் வரலாம். ஆனால் இங்கே ஒரு வேலி தேவை. புழுவிலும் மரத்திலும் நேர்ந்தது மரபணுவில் நேர்ந்த மாற்றம். தோட்டத் தொழிலாளியின் குருதியில் அப்படி எதுவும் நேரவில்லை. ஒப்புமை பார்ப்பவனின் பிழையில் மட்டுமே உள்ளது. கூண்டுக்குள் கண்டதைக் குணம் என்று எழுதிவைக்கும் பிழை அது. கூலி, குடியிருப்பு, கள்ளுக்கடை, திரும்பிப் போக வழியற்ற கடல், இவை அனைத்தும் சேர்ந்து அமைத்த தட்டில்தான் அந்தப் பணிவு விளைந்தது. அத்தட்டை அமைத்தவர்களே பணிவை இனத்தின் குணம் என்று எழுதினார்கள் என்பதுதான் கொடுமை.

ஜப்பானியர் ஆட்சி முடிந்த பின், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிக்கக் கிளம்பிய இளைஞர்கள் சீருடையுடன் அணிவகுத்தார்கள். பெரட்டில் குனிந்து நின்றவர்களின் பிள்ளைகள்தாம் அவர்கள். 1947இல் கெடாத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் போலீசாருடன் மோதலும் உண்டாயின, உயிர்களும் போயின. வெளியார் தூண்டிவிட்டார்கள் என்று துரைமார் தரப்பில் காரணம் கூறப்பட்டது. பழைய கருத்தைத் திருத்துவதைவிட அது அவர்களுக்கு எளிதாக இருந்தது.