ஜஸ்ட் பாஸ்

என் உயரம் 160 சென்டிமீட்டர். எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் போனபோது எடை 112 கிலோ. உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தினால் 2.56. அதை, சரியான எடைக்கு மேல்கோடாக வைக்கும் 25-ஆல் பெருக்கினால் 64. ஆக, 64-க்கு மேல் என்னிடம் இருந்த 48 கிலோவும் ‘கூடுதல் எடை’. அதில் பாதி குறைந்தால் ஆபரேஷன் வெற்றி என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. பாதி என்றால் 24. அது போனால் மீதி 88.

88 கிலோவோடு தெருவில் நடந்து போனால் என்னை யாரும் வெற்றி என்று சொல்ல மாட்டார்கள். குண்டு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அப்போதும் பிஎம்ஐ, அதாவது எடையை அந்த 2.56-ஆல் வகுத்தால் வரும் எண், 34-ஐத் தாண்டித்தான் இருக்கும். டாக்டரின் கணக்கு வேறு, தெருவின் கணக்கு வேறு. குடியிருப்பதோ தெருவில்.

இப்போது 93-இல் நிற்கிறேன். 48-இல் 19 போயிருக்கிறது. நாற்பது சதவீதம். பத்தாம் வகுப்புக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று காலமெல்லாம் பிள்ளைகளைத் தேற்றியவள் நான். ஆசியர்களுக்கு 25 அதிகம், 23-ஐக் கோடாக வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் என் மார்க் 36 ஆகிவிடுகிறது. ஒரு கிராம்கூட ஏறாமல் நாலு மார்க் காணாமல் போயிற்று. பரவாயில்லை, அப்போதும் பாஸ்தான்.

*

முதல் வாரங்களில் மளமளவென்றுதான் இறங்கியது. அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு கைச்செலவுக்கென்று கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது ஒரு கிராம் இருந்தால் கூடவே ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்ததும் கிளைக்கோஜன் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்கும் எடை ஒரே இடத்தில் நின்றுவிடும். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்த பிறகும் இறங்கவில்லை என்றால் மனசு என்னதான் நினைக்கும்? ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்று அந்த வாரத்தில் நினைக்காதவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது ஆகவில்லை. இப்போதும் போன் செய்வாள். “அக்கா, எனக்கு எழுபத்தொம்பது வந்துருச்சு. உங்களுக்கு?” அவளுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. எனக்குப் பல வருட இன்சுலின், தைராய்டு மாத்திரை, படியேற மறுக்கும் முழங்கால், ஐம்பதைத் தொடும் வயது. ஒவ்வொன்றும் எடை இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காரணம் தெரிந்துவிட்டால் பொறாமை அடங்கிவிடும் என்று நினைத்தேன். இல்லை, காரணத்தோடு சேர்ந்து அதுவும் உட்கார்ந்திருக்கிறது. அவள் நல்லவள். அவள் போன் வந்தால் எடுக்கிறேன், சில நாள் இரண்டாவது முறை அடிக்கும்போது.

*

பிஎம்ஐ கணக்கை முதலில் போட்டவர் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் கெட்லே, பத்தொன்பதாம் நூற்றாண்டு. வானியலும் புள்ளியியலும் அவர் துறை, வைத்தியரல்ல. ஒரு சராசரி மனிதனை எண்களில் பிடித்துவிட முடியுமா என்று பார்த்தவர். அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரை 1972-இல் வைத்தவர் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ்.

இதே கீஸ்தான் 1944-45-இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டுப் பார்த்தவர். ஆறு மாதத்தில் கால்பங்கு எடை போயிற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது. நாடித்துடிப்பு குறைந்தது, கை கால் சில்லிட்டது, சும்மா படுத்திருக்கும்போது எரிக்கும் சக்திகூட ஏறக்குறைய நாற்பது சதவீதம் இறங்கிப்போனது. அளவுகோலுக்குப் பெயர் வைத்தவரும், அந்த அளவுகோலுக்கு உடம்பு ஏன் சுலபத்தில் கட்டுப்படாது என்று காட்டியவரும் ஒரே ஆள்.

என் உடம்புக்கு ஆபரேஷன் என்று ஒன்று நடந்தது தெரியாது. வெளியே பஞ்சம் என்று மட்டும்தான் அதற்குத் தெரிந்திருக்கும். எங்கள் மதுரைப் பக்கத்துக் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்று 1876-78-ஐச் சொல்வார்கள், அவர்களும் தங்கள் பாட்டிகளிடம் கேட்டுச் சொன்னதுதான். அந்தப் பஞ்சத்துக்கும் என் 93-க்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் சிக்கனமாக எரிக்கும் உடம்பை முன்போல் திட்டத் தோன்றவில்லை. அது யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

*

மாறியவை வேறு இடத்தில் இருக்கின்றன. ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்த இன்சுலின் பேனா இப்போது இல்லை. அது போனது எடை குறைந்த பிறகல்ல, குறைய ஆரம்பிக்கும்போதே. வடக்குக் கரோலைனாவின் வால்டர் போரிஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1995-இல் இதைப் பெரிய அளவில் எழுதினார். இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு எடை இறங்கக் காத்திராமல் சில நாட்களிலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்ததைக் கண்டார். யார் நினைத்திருப்பார்கள் என்று வியப்பதுபோல்தான் கட்டுரைத் தலைப்பையே வைத்தார்.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேர், செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேர். முதல் ஓரிரு வருடத்தில் எடை நன்றாக இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறி, பத்தாம் வருடத்தில் பைபாஸ்காரர்களுக்கு 25 சதவீதம் குறைவில் நின்றது. வயிற்றைத் தைத்துச் சுருக்கும் பழைய முறையில் 16, இரைப்பையில் பட்டை கட்டியவர்களுக்கு 14. பெரும்பாலோர் இந்தப் பின் இரண்டு வகைதான். அதாவது பார்த்தால் இன்னும் பருமனாகத் தெரிந்திருக்கக் கூடியவர்கள். 2007-இல் வந்த முடிவின்படி, வயது முதலியவற்றைச் சரிசெய்து பார்த்தபோது, ஆபரேஷன் குழுவில் மரணம் 29 சதவீதம் குறைவு.

மொத்த எடையில் எனக்குக் குறைந்தது 17 சதவீதம். அவர்களுடையது பத்தாண்டு கழித்து நிலைத்த எண், என்னுடையது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் எண், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. வைத்துத்தான் பார்க்கிறேன், இரவில்.

*

நாத்தனார் மகள் கல்யாணப் பந்தி. மண்டபத்துப் பந்திக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. உட்கார்ந்ததும் இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்பார். இனிப்பு, வடை, கூட்டு, பொரியல், அப்பளம், சாதம், பருப்பு, நெய். சாம்பார் வருவதற்குள் என் வயிறு முடிந்துவிடும். ஒரு வாயை இருபது முறைக்கு மேல் மென்று, கையைக் கீழே வைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த வாய் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுக்குழியில் கல் மாட்டியதுபோல் அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். எழுந்து ஓட வேண்டியதுதான். தண்ணீர் குடித்து இறக்கிவிடலாம் என்றால் அதுவும் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர்.

பரிமாறுகிற பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? “ஒரு கரண்டிம்மா” என்றான். கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்தேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைத்துச் சம்பந்தியம்மாவையே கூட்டி வந்துவிட்டான்.

நிறைந்த இலையை மூடுவது எனக்கு இன்னும் வரவில்லை. சோற்றை வீணாக்காதே என்று வளர்ந்த கை அது. மூடும்போது கை கூசுகிறது. பக்கத்தில் இருந்த பெரியம்மா, “என் இலையிலே தள்ளு” என்று என் மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எனக்கு உதவியது அவர் ஒருவர்தான்.

கை கழுவும் இடத்தில் நாத்தனார் கேட்டாள். “என்ன மதினி, இம்புட்டுக் கொஞ்சமாச் சாப்பிடுறீக, ஆளு அப்படியேதான இருக்கீக?” அவள் கேட்டதில் குத்தல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். நின்று பதில் சொல்லியிருப்பேன். பின்னால் வரிசை இருந்தது.

*

சமையலறையில் வரிசை தலைகீழ். முதலில் முட்டை, மீன், சுண்டல், பனீர் என்று புரதம். அப்புறம் காய். இடம் இருந்தால் சோறு. பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று டயட்டீசியன் எழுதிக் கொடுத்தார். ஒரு முட்டை ஆறு கிராம்தான். அயிரை மீன் குழம்பில் மீனை மட்டும் பொறுக்கித் தின்பது எங்கள் ஊரில் பாவத்தில் சேர்த்தி. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

இறுகிய சாப்பாடு வயிற்றில் நிற்கும், இளகியது வழுக்கிக்கொண்டு போகும். ஜிகர்தண்டா, ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி, வாயில் கரையும் முறுக்கு எதையும் இந்தச் சின்ன வயிறு தடுக்காது. எடை நின்று போனவர்களிடம் டாக்டர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். என் டாக்டரும் விசாரித்தார். காபியைச் சொன்னேன். எடை ஒன்றரை வருடம் வரைகூட இறங்கலாம், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் புதிதாக வந்திருக்கும் ஊசிகளைப் பற்றிப் பேசலாம் என்றார். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனாலோ, வயிறு வலித்தாலோ காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை, சில மாதங்களில் நிற்கும் என்றார். நின்றது. வைட்டமின் மாத்திரைகள் மட்டும் ஆயுசுக்கும்.

*

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999-இல் ஜப்பானியர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் ஊறுகிறது. எனக்குச் செய்த ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். இத்தனை வயதுவரை என்னோடு பேசிக்கொண்டே இருந்த ஒன்று பேச்சை நிறுத்திவிட்டது. மதியம் இரண்டு மணி ஆனதைக் கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கால் நேராகச் சமையலறைக்குத்தான் போகிறது. அங்கே போய் நிற்பேன். பசி இல்லை. டப்பாவைத் திறப்பேன். திறந்த பிறகு, எதற்கு வந்தோம் என்று நின்று பார்க்க ஒரு நொடி கிடைக்கிறது. முன்பெல்லாம் அந்த நொடி கிடைத்ததில்லை. களைப்பு, சில நாள் தனிமை, பெரும்பாலும் வெறும் பழக்கம். சில நாள் டப்பாவை மூடிவிடுகிறேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தபோது இதுதான் குழப்பம். வருடந்தோறும் விரதம் இருப்பவள் நான். பசியே இல்லாதவள் சாப்பிடாமல் இருந்தால் அது என்ன விரதம்? டயட்டீசியனைக் கேட்டால், பட்டினி கூடவே கூடாது, பால், தயிர், பயறு, மாத்திரை எதையும் விடக் கூடாது என்றார். எனக்குப் பிரியமானது எதையாவது விட வேண்டும் என்று யோசித்தபோது, விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் ஏறி நிற்கிற எடை மெஷின்தான் நினைவுக்கு வந்தது. ஆறு நாளும் அதில் ஏறுவதில்லை என்று திருப்பரங்குன்றத்தில் வேண்டிக்கொண்டேன். வீட்டில் இருந்தால் கால் போகும். எதிர்வீட்டில் கொடுத்துவைத்தேன்.

இரண்டாம் நாள் கணக்கு நோட்டில் தேதிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விடுவது கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள் மறந்துபோனேன். சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்காவே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

“என்ன டீச்சர், உங்க மெஷின் ரெண்டு கிலோ கூடக் காட்டுது. ரிப்பேரான்னு பாருங்க.”