சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த படம்

செம்பரம்பாக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 1953இல் வந்த ‘தேவதாஸ்’ பார்த்தோம். திட்டமெல்லாம் இல்லை. கண்டசாலா பாட்டு ஒன்றைத் தேடிப்போய் முழுப்படத்தில் மாட்டிக்கொண்டோம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். தூங்கவில்லை. பார்வதி வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கும் இடத்தில் நாலு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒருத்தன் “தூசுடா மச்சி” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

ஐந்தாவது ஆள் பாயில் படுத்திருந்தான். குடித்திருந்தான். லேப்டாப் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தோம். அவன் தூக்கம் கெட்டுவிடுமே என்கிற அக்கறை ஒன்றும் கிடையாது. எழுந்தால் காசு கேட்பான்.

சில வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் அதே படத்தைத் தனியாகத் திரும்பப் பார்த்தேன். இந்தமுறை அழுகை வரவில்லை, பழைய மதியம்தான் வந்தது. திரையில் குடித்துச் சாகிறவனுக்காக அழ முடிந்த எங்களுக்கு, இரண்டடி தள்ளிப் படுத்திருந்தவன்மேல் எரிச்சல் மட்டும் எப்படி வந்தது?

ரூசோ 1758இல் தாலம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நாடகக் கண்ணீரைப் பற்றிக் கடுப்பாகவே பேசுகிறார். அரங்கில் அழுதவன் தன் பங்கு இரக்கத்தைக் கொடுத்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறான். அந்தக் கதாபாத்திரம் அவனிடம் எதையும் கேட்பதில்லை என்பது அவர் வாதம். தேவதாஸ் எங்களிடம் இருநூறு ரூபாய் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் இது பாதிப் பதில். காசு கேட்காத நாட்களிலும் எங்கள் ஆள்மேல் எங்களுக்கு இரக்கம் வந்ததில்லை.

மீதிப் பதிலை அரிஸ்டாட்டிலிடம் எடுக்கலாம். துன்பியல் நாயகன் பேரும் வசதியும் உள்ளவனாக இருக்க வேண்டும் என்றார் அவர். விழுவதற்கு ஓர் உயரம் வேண்டுமாம். தேவதாஸ் ஜமீன் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆள் வந்தவாசிப் பக்கம், டிப்ளமோ, ஒரகடத்தில் காண்ட்ராக்ட். அவன் எங்கிருந்து விழுந்தான்? அதே படத்தில் பார்வதியாக நடித்த சாவித்திரி பிற்பாடு குடியில் சிக்கி, மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து 1981இல் இறந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் தி.நகர் வீட்டையும் கார்களையும் நகைகளையும்தான் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால்தான் சோகமும் பிடிபடுகிறது போல.

1987இல் வந்த ‘லெஸ் தேன் ஜீரோ’வும் இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பணக்காரப் பிள்ளைகள் மூன்று பேர், அவர்களில் ஒருவன் கொகெய்னில் மூழ்குகிறான். அந்த ஒருவனாக நடித்தவர் ராபர்ட் டவுனி ஜூனியர். நமக்கெல்லாம் அயர்ன் மேன். படம் வந்த பிறகு அவர் வாழ்க்கையும் அதே போதையில் சிக்கிச் சிறைவரை போய்த்தான் மீண்டது. படத்தில் அவனுக்கு 50,000 டாலர் கடன். நண்பன் ராத்திரியெல்லாம் காரில் அவனைத் தேடி அலைகிறான். காப்பாற்ற முடிந்ததா என்பது வேறு. தேடி அலைய அவனுக்கு நேரம் இருந்தது, காரும் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை.

‘தேவதாஸ்’ வெளியானபோது மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1948இலிருந்தே. சட்டப்படி குடிக்க முடியாத ஊர்களில் குடிகாரனுக்காக அரங்கு அரங்காக அழுதிருக்கிறார்கள். நாகேஸ்வர ராவின் போதைக் கண்களுக்காக இயக்குநர் வேதாந்தம் ராகவய்யா அந்தக் காட்சிகளை ராத்திரியில் எடுத்தார் என்று சொல்வார்கள். தூக்கத்தில் சொருகும் கண்தான் திரையில் குடிகாரன் கண்ணாகத் தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. காலை ஏழரைக்கு ஏரிக்கரைப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனை நாகேஸ்வர ராவ்கள்!

எங்கள் ஆள் குடிக்க ஆரம்பித்ததும் அந்தத் தூக்கத்துக்காகத்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாசம், பகல் பதினொரு மணி. கண்ணை மூடினால் லைன் ஓடுகிறது என்பான். முதலில் இன்னொருத்தனோடு ஒரு கட்டிங். அதற்குக் காசு போட்டதில் நானும் உண்டு. டாஸ்மாக் மதியம் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் கூடுதல் காசு. பிறகு ஒரு குவாட்டர். பிறகு ஷிப்டுக்குப் போகும் முன்பே. சூப்பர்வைசர் போன் பண்ணினால் “அவனுக்கு ஃபீவர் சார்” என்று மாற்றி மாற்றிப் பொய் சொன்னோம். வாடகையில் அவன் பங்கை இரண்டு மாசம் நாங்களே கட்டினோம். மூன்றாவது மாசம் கூடிப் பேசினோம். பேசினோம் என்றால், அவன் இல்லாதபோது.

“அவனுக்கு அப்படி என்னடா கஷ்டம்?” என்றான் ஒருத்தன். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பார்வதி இருந்திருந்தால் சொல்லியிருப்போம். ஏழை குடித்தால் காரணம் காட்ட வேண்டும். அதுவும் காதல் மாதிரி கௌரவமான காரணம். தூக்கம் வரவில்லை என்பது ஒரு காரணமாகவே எங்களுக்குப் படவில்லை, எங்களுக்கும்தானே வரவில்லை.

சரத்சந்திரரின் நாவலில் (அச்சில் வந்தது 1917) படத்தைவிட எனக்கு முக்கியமாகப் படும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். தர்மதாஸ் என்ற வேலைக்காரன் கடைசிவரை எஜமானோடு ரயிலில் வருகிறான். அவன் அசந்து தூங்கும்போதுதான் தேவதாஸ் பாண்டுவா ஸ்டேஷனில் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறான். பிறகு ராவும் பகலும் ஓட்டிப்போகும் வண்டிக்காரன். இறந்த பிறகு உடலைத் தொட ஊரில் யாரும் வராததால் சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வந்து தூக்கிப்போகிறார்கள். பணக்காரன் குடித்துச் சாவதற்கும் இத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது. இவர்களில் யாராவது குடித்திருந்தால் அது கதையே ஆகியிருக்காது.

தர்மதாஸை நான் நிறைய நினைத்துக்கொள்கிறேன். தூங்கிவிட்டான் என்று அவனைக் குறை சொல்ல முடியாது, பாவம், வயசானவன். நாங்கள் நாலு பேர் அவனளவுக்குக்கூட வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவனை ஏற்றிவிட்டோம். பை, சார்ஜர், ஒரு தண்ணி பாட்டில், கையில் ஐந்நூறு ரூபாய். அதையும் கொடுக்கலாமா வேண்டாமா என்று தள்ளிநின்று பேசித்தான் கொடுத்தோம். கூடப் போக ஒருத்தன் லீவ் போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை, அந்த வாரம் இன்சென்டிவ் இருந்தது. “காஞ்சிபுரத்துல எறங்கி பஸ் மாறணும், தூங்கிடாத மச்சி” என்று மட்டும் ஜன்னல் வழியாக இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினான். பஸ் கிளம்புவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டான்.